கொடைக்கானல் ரிசார்ட்ல ரெண்டு ராத்திரி: கட்டுப்படியாகற விலைல நல்ல ஒயினுக்கு என்ன வழி?

நொய்யல்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல இருந்து எழுதறேன். வர்ற மாட்டுப் பொங்கலன்னைக்கு எங்களுக்கு கல்யாணமாகி 25 வருசம் முடியுது. முந்தின நாள் தைப்பொங்கல் வச்சு கும்பிட்டுட்டு மத்தியானத்துக்கு மேல கிளம்பி கொடைக்கானல்ல ஒரு ரிசார்ட்ல ரெண்டு ராத்திரி தங்கறதா முடிவு, நானும் வீட்டுக்காரம்மாவும் மட்டும். ரூம் போட்டாச்சு, இ-பாஸும் எடுத்தாச்சு.

விசயம் என்னன்னா பொண்ணு பெங்களூர்ல வேலை பாக்கறா, போன வருசம் நாங்க போனப்ப நந்தி ஹில்ஸ் பக்கம் ஒரு ஒயின் தோட்டத்துக்கு கூட்டிட்டு போனா. அங்க ஒரு வெள்ளை ஒயின் அரை கிளாஸ் இவங்களுக்கு குடுத்தாங்க. மூக்குகிட்ட கொண்டு போன உடனே "ஏனுங்க, இதுல கொய்யாப்பழ வாசம் வருது"ன்னாங்க. அந்த அரை கிளாஸ முக்கா மணி நேரம் கைல வச்சு வச்சு குடிச்சாங்க. இத்தனை வருசத்துல தனக்குன்னு ஒண்ணு வேணும்னு கேட்ட ஆளே இல்லைங்க, ரூம் போட்டு முடிச்ச அன்னைக்கு ராத்திரி "அந்த வெள்ளை ஒயின் அங்க கிடைக்குமா"ன்னு கேட்டாங்க. எப்படியாவது வாங்கி குடுத்துடணும்னு இருக்கேன்.

ரிசார்ட்டுக்கு போன் போட்டா வாட்ஸப்ல மெனு அனுப்புனாங்க. கிட்டத்தட்ட அதே மாதிரி ஒயின் பாட்டில் 3,400, கிளாஸ் 750, வரி தனி. பொண்ணு பெங்களூர்ல வாங்கறது ஆயிரத்துக்குள்ளதான். ரூமுக்கு குடுக்கறத மனசார குடுத்துட்டேன், ஆனா ஒரு பாட்டிலுக்கு மூணு மடங்குன்னா மனசு ஒப்பலைங்க. நான் வருசத்துக்கு ரெண்டு பீர் குடிக்கற ஆளு, ஒயினப் பத்தி ஒண்ணுமே தெரியாது.

கேக்கறது இதுதான். வெளிய வாங்கிட்டு போனா ரிசார்ட்ல ஒத்துக்குவாங்களா? கொடைக்கானல் டாஸ்மாக்ல இந்த மாதிரி ஒயின் கிடைக்குமா, இல்ல கோயமுத்தூர்லயே வாங்கிடலாமா? பொங்கலுக்கு வர்றப்ப பொண்ணையே ரெண்டு பாட்டில் கொண்டு வரச் சொல்லலாமா? பழனி வழியாத்தான் போறோம், போற வழில மலையேறி சாமி பாக்கறதாவும் இருக்கோம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.


சர்வீஸ் ட்ரே:

சார், நான் கொடைக்கானல், ஊட்டி ரெண்டு இடத்துலயும் ஹோட்டல்ல ஸ்டூவர்டா இருந்தவன், மொத்தம் 14 வருசம். இப்ப வத்தலக்குண்டுல சொந்தமா மெஸ் வச்சிருக்கேன். மத்ததெல்லாம் இருக்கட்டும், உங்க தேதியப் பாத்ததும் பதறிட்டேன், அத முதல்ல சொல்லிடறேன்.

மாட்டுப் பொங்கல் திருவள்ளுவர் தினம் சார். டிரை டே. டாஸ்மாக் கடை மட்டும் இல்ல, ஹோட்டல் பாரும் மூடித்தான் இருக்கும். மெனுல 3,400 போட்டிருந்தாலும் சரி, நீங்க 5,000 எடுத்து வச்சாலும் சரி, அன்னைக்கு உங்களுக்கு ஊத்த முடியாது. பொங்கலுக்கு வந்துட்டு ராத்திரி எட்டு மணிக்கு என்கிட்ட "தம்பி ஏதாச்சும் பண்ண முடியுமா"ன்னு கேட்டவங்க எத்தனையோ பேரு. கேக் ஆர்டர் பண்ணியிருப்பாங்க, டேபிள்ல பூ வச்சிருப்பாங்க, இது மட்டும் இருக்காது. புக் பண்றப்ப எந்த ரிசப்ஷன்லயும் இத அவங்களா சொல்ல மாட்டாங்க, நாமதான் கேக்கணும். ஜனவரி 26ம் அப்படித்தான், வள்ளலார் நினைவு நாள் தைப்பூசத்தன்னைக்கு வரும், அதுவும் லீவு. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, மகாவீர் ஜெயந்தி, மிலாடி நபி, இதெல்லாமும் சேத்துக்கோங்க. மலைக்கு கூட்டம் வர்றதே இந்த லீவுலதான், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

அதனால பாட்டில் முந்தின நாளே உங்க கைல இருக்கணும். அத ரூம்ல வச்சு குடிக்கலாமான்னு ரிசார்ட்ல கேளுங்க. கேக்கறப்ப ஒண்ணு கவனிங்க, "வெளிய வாங்கினத கொண்டு வரலாமா"ன்னு பொதுவா கேட்டா உடனே இல்லைன்னுடுவாங்க, ஏன்னா பார் லைசன்ஸ் இருக்கற இடத்துல ரெஸ்டாரண்ட்லயோ தோட்டத்துலயோ நீங்க கொண்டு வந்தத தொறக்க விட்டா அவங்க லைசன்ஸுக்கே பிரச்சனை. "ரூமுக்குள்ள நாங்க ரெண்டு பேரு மட்டும், ஒரு பாட்டில் ஒயின், கல்யாண நாள்"னு சொல்லிக் கேளுங்க. நான் வேலை பாத்த இடத்துலயெல்லாம் ரூமுக்குள்ளன்னா ஒத்துக்கிட்டாங்க, ஒரே ஒரு இடத்துல மட்டும் கார்க்கேஜ்னு, அதாவது வெளிய வாங்கின பாட்டில அங்க தொறக்க விடறதுக்குன்னு, ஒரு தொகை கேட்டாங்க. சரின்னு சொன்னா அதையே வாட்ஸப்ல எழுதி அனுப்பச் சொல்லி வாங்கி வச்சுக்கோங்க, போன்ல பேசினவர் அன்னைக்கு டியூட்டில இருக்க மாட்டாரு.

பொண்ணுகிட்ட பெங்களூர்ல இருந்து கொண்டு வரச் சொல்லவே சொல்லாதீங்க. வேற ஸ்டேட் சரக்கு, அது ஒயினா இருந்தாலும், இங்க கொண்டு வர்றது மதுவிலக்குச் சட்டத்துல குத்தம். செக்போஸ்ட்ல பிடிச்சா பாட்டிலோட போகாது, வண்டியையும் எடுத்து வச்சுக்குவாங்க. பாண்டிச்சேரி, மாஹே சரக்குக்கும் இதேதான்.


குன்னூர் குளிர்:

அண்ணா, முதல்ல அண்ணிக்கும் உங்களுக்கும் வாழ்த்துக்கள். அண்ணி கேட்டத இவ்வளவு மெனக்கெட்டு விசாரிக்கறீங்க பாருங்க, படிக்கறப்பவே சந்தோசமா இருந்துச்சு.

கொய்யா வாசம்னு சொன்னீங்கல்ல, அது அனேகமா சாவிக்னான் பிளாங்க்தான். கொய்யா, பச்சைக் குடமிளகாய், வெட்டின புல்லு, இந்த மாதிரி வாசம் எல்லாம் அந்தத் திராட்சைக்கே உள்ளது. பேர ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போங்க, ஏன்னா பக்கத்துலயே சேனின் பிளாங்க்னு இன்னொரு வெள்ளை இருக்கும், நம்ம ஊர்ல வர்றது லேசா இனிப்பு தட்டும், பாட்டில் பாக்க ஒரே மாதிரி இருக்கும். அதுவும் நல்லா இருக்கும், ஆனா அண்ணி நாக்குல இருக்கறது அது இல்ல. சூலா, குரோவர், ஃப்ராடெல்லி மூணு பேருமே சாவிக்னான் பிளாங்க் போடறாங்க. சூலா நாசிக், ஃப்ராடெல்லி சோலாப்பூர் பக்கம் அக்லூஜ், குரோவர் நீங்க போன நந்தி ஹில்ஸ் பக்கம். அண்ணி குடிச்சது குரோவரா கூட இருக்கலாம், பொண்ணுகிட்ட போட்டோ இருந்தா கேட்டுப் பாருங்க.

எங்க வாங்கறதுன்னா கோயமுத்தூர்லயே வாங்கிடுங்க. டாஸ்மாக்ல எம்ஆர்பி ஸ்டேட் பூரா ஒண்ணுதான், மலைல வாங்கினா அதிகம், கீழ வாங்கினா கம்மின்னு எல்லாம் இல்ல. வித்தியாசம் சரக்குலதான். மலைல இருக்கற கடைல ஓடறது பிராந்தியும் பீரும். நம்ம ஊர்ல ஒயின் ஷாப்புன்னே பேர் வச்சிருக்கோம், உள்ள போனா ஒயின்தான் இருக்காது, இருந்தா அந்த இனிப்பு போர்ட் ஒயின் ரெண்டு பாட்டில் தூசி படிஞ்சு நிக்கும். கோயமுத்தூர்ல மால்ல இருக்கற டாஸ்மாக் எலைட் கடைக்கு போனீங்கன்னா நாமளே ரேக்ல கைய வச்சு எடுத்து லேபிள் படிச்சுப் பாத்து வாங்கலாம், ஏசி இருக்கும், அண்ணியையும் கூட்டிட்டுப் போகலாம். நான் என் வீட்டுக்காரரோட போய் நானே எடுத்து வச்சு பில் போட்டிருக்கேன், யாரும் ஒரு மாதிரி பாக்கல. மத்தியானம் 12 மணிக்கு மேலதான் தொறப்பாங்க. பொங்கல் நெருக்கத்துல கூட்டம் அள்ளும், ரெண்டு மூணு நாள் முன்னாடியே போயிடுங்க. பில்ல பத்திரமா வச்சுக்கோங்க, வழில யாராச்சும் நிறுத்திக் கேட்டா காட்டலாம்.

பெங்களூர்ல ஏன் விலை கம்மின்னு நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஒவ்வொரு ஸ்டேட்டும் அவங்கவங்க வரி. கர்நாடகால 2007லயே திராட்சை விவசாயிகளுக்காக ஒயினுக்குன்னு தனிக் கொள்கை கொண்டு வந்தாங்க, அதுல இருந்து அங்க ஒயின் சாதாரணக் கடைலயே சல்லிசா கிடைக்குது. இங்க அதே பாட்டில் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், ஆனாலும் உங்க மெனு விலைகிட்டயெல்லாம் வராது.

வாங்கறப்ப வருசம் பாருங்க. நம்ம நாட்டுல ஒயினுக்கு திராட்சை வெட்டறது ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும். வெள்ளை ஒயின் பழசாக ஆக நல்லாருக்கும்னு ஒரு நினைப்பு நம்மள்ல நிறைய பேருக்கு இருக்கு, இந்த விலைல வர்ற வெள்ளைக்கு அது பொருந்தவே பொருந்தாது. ரெண்டு வருசத்துக்குள்ள உள்ளத எடுங்க. போன தடவ வந்த எங்க விருந்தாளி ஒருத்தர் ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்தாரு, அஞ்சு வருசப் பழசு. தொறந்து ஊத்தினா டீ டிகாக்ஷன்ல தண்ணி கலந்த மாதிரி ஒரு கலர், வாசம் காஞ்சு போன ஆப்பிள் மாதிரி. சிங்க்லதான் ஊத்தினோம். கண்ணாடி வழியா லைட்ல பிடிச்சுப் பாருங்க, வைக்கோல் வெளுத்த மாதிரி, லேசா பச்சை ஓடின மாதிரி இருந்தா சரி.

கடைசியா ஒரு வேண்டுகோள், இது எங்க மலைக்காக. காலி பாட்டில திருப்பி எடுத்துட்டு வாங்க. காட்டுக்குள்ள உடைஞ்சு கிடக்கற பாட்டில் யானை காலுல ஏறி சீழ் வச்சு செத்துப் போறது வரைக்கும் போயிருக்கு. ஹைகோர்ட் சொன்னதுக்கு அப்புறம் 2022ல நீலகிரிலதான் முதல்ல பாட்டிலுக்கு பத்து ரூபா கூட வாங்கி, காலி பாட்டில குடுத்தா திருப்பிக் குடுக்கற முறை வந்துச்சு, அப்புறம் மத்த ஜில்லாவுக்கும் போச்சு. ஸ்டிக்கர் கிழியாம வச்சுக்கோங்க. பத்து ரூபாவ விடுங்க, அந்தப் பாட்டில் வியூ பாயிண்ட்ல இருந்து கீழ விழாம இருந்தா போதும்.


கம்பம் தோட்டம்:

அண்ணே ரோட்டோரத்துல ஹோம்மேட் ஒயின்னு யாராச்சும் குடுத்தா வாங்காதீங்க. மலைல சாக்லேட் கடை பக்கத்துலயே சில பேரு காதோரமா வந்து கேப்பாங்க, திராட்சை, பிளம்ஸ், பேஷன் ஃப்ரூட்னு. லைசன்ஸ் இல்லாம விக்கறது சட்டப்படி தப்பு, அதுல என்ன கலந்திருக்கு, எந்த டப்பால புளிக்க வச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது. எங்க சித்தப்பா ஒருக்க வாங்கிட்டு வந்தாரு, தண்ணில சீனியும் எசென்ஸும் ஏதோ ஒரு ஸ்பிரிட்டும், அவ்வளவுதான். திராட்சை அந்தப் பக்கமே போகல. ரெண்டு நாளு தலைவலியோட கெடந்தாரு.

நான் பன்னீர் திராட்சை போடறவன், அதனால எனக்கு இதுல ஒரு ஆதங்கம் இருக்கு. நீங்க தங்கப் போற மலைக்கு இந்தப் பக்கம் கீழ இறங்குனா எங்க பள்ளத்தாக்குதான். நாசிக்ல வருசத்துக்கு ஒரு வெட்டு, எங்களுக்கு வருசம் பூரா ஏதாச்சும் ஒரு தோட்டத்துல வெட்டு நடந்துக்கிட்டே இருக்கும். 2023ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. மஸ்கட் ஹாம்பர்க்னு வெளிநாட்டுல ஒயினுக்கும் போடற ரகம்ணே இது, தோலு கருநீலமா, கைல நசுக்குனா ரோஜா வாசம் வரும், அதனாலதான் பன்னீர்னே பேரு. ஆனா எங்க பழம் முக்காவாசி ஜூஸ் கடைக்கும் தள்ளுவண்டிக்கும்தான் போகுது. எங்க பள்ளத்தாக்கு ஒயின் ஒரு நல்ல லேபிளோட அந்த எலைட் கடை ரேக்ல நிக்கணும், இருநூறு மைல் தள்ளி இருந்து வர்றவங்க நம்ம மலைல உக்காந்து அதக் குடிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. கர்நாடகாக்காரன் செஞ்சத நம்மளும் செய்யலாம்.

நீங்க கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லதான். ஊருக்கு திரும்பறப்ப வத்தலக்குண்டு வழியா வந்தா ஒரு பெட்டி பன்னீர் திராட்சை வாங்கிட்டுப் போங்க, அக்காவுக்கு பிடிக்கும்.


நொய்யல்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டிரை டே விசயம் சத்தியமா தெரியாது, சர்வீஸ் ட்ரே தம்பி சொல்லலைன்னா அன்னைக்கு ராத்திரி அவங்க முகத்த பாத்துட்டு உக்காந்திருப்பேன். பொண்ணுகிட்ட போட்டோ கேட்டு வாங்கிட்டேன், குன்னூர்த் தங்கச்சி சொன்ன மாதிரியே சாவிக்னான் பிளாங்க்தானுங்க.

ரிசார்ட்ல பேசினேன். ரூமுக்குள்ளன்னா சரின்னு எழுதி அனுப்பிட்டாங்க, கார்க்கேஜ் எதுவும் கேக்கல.

இப்ப ரெண்டு சந்தேகம். ரூம்ல ஃப்ரிட்ஜ் இல்லையாம், வெள்ளை ஒயின் ஜில்லுன்னு இருக்கணும்னு பொண்ணு சொல்றா. இன்னொண்ணு, முதல் நாள் ராத்திரி அவங்க ரெஸ்டாரண்ட்லயே உக்காந்து சாப்பிடலாம்னு இருக்கோம், அங்கயும் ஒரு கிளாஸ் இவங்களுக்கு வாங்கிக் குடுக்கணும்னா கிளாஸா வாங்கறதா பாட்டிலா? பழனில சாமி பாக்கப் போறப்ப டிக்கில பாட்டில் இருக்கறதும் எனக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க.


சர்வீஸ் ட்ரே:

பழனிக்கு திரும்பி வர்றப்ப போங்க சார். மனசுக்கும் நிம்மதி, ஒயினுக்கும் நல்லது. அடிவாரத்துல வெயில்ல வண்டிய விட்டுட்டு மலையேறி தரிசனம் பண்ணி இறங்கறதுக்குள்ள மூணு மணி நேரம் ஆயிடும், பொங்கல் லீவுல இன்னும் ஆகும். டிக்கி அடுப்பு மாதிரி இருக்கும். வெந்த ஒயின் வாசம் போயிடும், கார்க் போட்ட பாட்டில்னா கார்க் லேசா மேல தள்ளிக்கிட்டு வந்திருக்கும், சைடுல பிசுபிசுன்னு கசிஞ்சிருக்கும். திருப்பூர்ல கிளம்பறப்பவே ஒரு ஈரத்துணில சுத்தி, சீட்டுக்கு கீழ நிழல்ல படுக்க வச்சிடுங்க.

ஃப்ரிட்ஜ் இல்லாதது ஒரு விசயமே இல்ல. ஜனவரில கொடைக்கானல்ல ராத்திரி எட்டு டிகிரி பக்கம் இறங்கும், வெள்ளை ஒயினுக்கு வேண்டிய குளிரே எட்டுல இருந்து பத்துதான். ஏழு மணிக்கு பாத்ரூம் டவல நனைச்சுப் பிழிஞ்சு பாட்டில சுத்தி பால்கனில வச்சிடுங்க, காத்து அடிக்க அடிக்க ஈரம் காஞ்சு உள்ள ஜில்லுன்னு ஆயிடும். ஒரு மணி நேரம் விடுங்க. பகல்ல வைக்காதீங்க, குரங்கு ஒரு பையையும் விடாது. அவசரம்னா ரூம் சர்வீஸ்ல ஒரு ஐஸ் பக்கெட் கேளுங்க, ஐஸ் மட்டும் போட்டா ஆகாது, பாதி தண்ணி ஊத்தி ஒரு கைப்பிடி உப்பு போட்டு பாட்டில கழுத்து வரைக்கும் இறக்குங்க, இருபது நிமிசம் போதும். அப்படியே ரெஸ்டாரண்ட்ல இருந்து ரெண்டு ஒயின் கிளாஸும் கேட்டு வாங்கிக்கோங்க. பாத்ரூம்ல பிரஷ் வைக்கற டம்ளர்ல ஊத்திக் குடிச்சவங்கள நான் பாத்திருக்கேன், அதுல ஊத்தினா மேடம் சொன்ன அந்தக் கொய்யா வாசம் மூக்குக்கே வராது. பாதிக்கு மேல ஊத்தாதீங்க, வாசம் நிக்க மேல இடம் வேணும்.

சூலா மாதிரி நிறைய பாட்டில் இப்ப திருகு மூடிதான், கைலயே தொறந்துடலாம். கார்க் போட்டது வாங்கினா ஓப்பனர் கையோட கொண்டு போங்க. டிரை டே அன்னைக்கு பார் பூட்டிக் கிடக்கும், ஓப்பனர் உள்ள மாட்டிக்கும்.

இப்ப கிளாஸா பாட்டிலா. ஒரு பாட்டில் 750 மில்லி, ஹோட்டல்ல ஒரு கிளாஸ்னு ஊத்தறது 150 மில்லி, அஞ்சு கிளாஸ் வரும். உங்க மெனுல கிளாஸ் 750ன்னா அஞ்சு கிளாஸ் 3,750, பாட்டில் 3,400. ஆக பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டு பேருக்கு ஒண்ணு ஒண்ணுன்னா கிளாஸே போதும். நாலு கிளாஸுக்கு மேல போற மாதிரி இருந்தா பாட்டில் எடுத்து மிச்சத்த மூடி ரூமுக்கு அனுப்பச் சொல்லுங்க. ஆனா கிளாஸ்ல ஒரு வம்பு இருக்கு சார். அந்தப் பாட்டில் என்னைக்கு தொறந்ததுன்னு தெரியாது. மலைல ஒயின் கேக்கறவங்க கம்மி, ஒரு தடவ தொறந்தா வாரக் கணக்குல நிக்கும். நானே முன்னாடி ஒரு இடத்துல ஒன்பது நாள் பழைய பாட்டில்ல இருந்து ஊத்தச் சொல்லி ஊத்தியிருக்கேன், குடிச்சவங்க முகம் சுளிச்சுக்கிட்டு "ஒயின்னா புளிப்பாத்தான் இருக்கும் போல"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. இப்பவும் நினைச்சா உறுத்துது. வெள்ளை ஒயின் தொறந்தா ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் ரெண்டு மூணு நாள்தான். "புதுசா தொறந்து ஊத்துவீங்களா, என்னைக்கு தொறந்தது"ன்னு தாராளமா கேளுங்க. இல்ல மெனுல 375 மில்லி பாதி பாட்டில் இருக்கான்னு பாருங்க, ரெண்டு பேருக்கு அளவான சாமான் அதுதான், கண்ணு முன்னாடி தொறப்பாங்க.

ஹோட்டல்காரங்க கொள்ளையடிக்கறாங்கன்னு சொல்ல மாட்டேன். லைசன்ஸ் பீஸ் வருசா வருசம் பெருசா கட்டறாங்க, தொறந்து வீணாப் போறது, விக்காம நிக்கறது எல்லாம் அந்த 3,400லதான் உக்காந்திருக்கு. ஆனா பில்ல வாங்கிப் பாருங்க, சர்வீஸ் சார்ஜ்னு ஒரு தொகை தனியா இருந்தா எடுக்கச் சொல்லலாம், அத தானா சேக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லயே சொல்லிடுச்சு, டெல்லி ஹைகோர்ட்டும் 2025ல அதையே சரின்னுடுச்சு. ஊத்தின பையனுக்கு கைல ஏதாச்சும் குடுத்தீங்கன்னா அது நேரா அவனுக்குப் போகும்.


குன்னூர் குளிர்:

சர்வீஸ் ட்ரே அண்ணா, அந்த ஒன்பது நாள் விசயத்த வெளிப்படையா சொன்னதுக்கு நன்றி. எனக்கும் இங்க ஒரு இடத்துல அதே மாதிரி ஆச்சு, ரெட் ஒயின் கிளாஸ் 600 குடுத்து வாங்கி வினிகர் குடிச்ச மாதிரி ஆச்சு, திருப்பி அனுப்ப தைரியம் வரல. இப்ப முதல் வாய் குடிச்ச உடனே சொல்லிடுவேன்.

நொய்யல் அண்ணா, சாப்பாடு பத்தி ஒண்ணு. அந்த ஒயினுக்கு காரசாரமா மிளகு சிக்கன் வாங்கி வச்சுக்காதீங்க, காரம் ஒயின அமுக்கிடும், நாக்குல கசப்புதான் நிக்கும். வறுத்த மீன், பன்னீர், கொடைக்கானல்லயே செய்யற சீஸ் கிடைக்கும், அத கொஞ்சம் வாங்கி வெட்டி வச்சுக்கோங்க. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சாப்பிடற எதுவும் ஒத்துப் போகும்.

யாராச்சும் சுகருக்கு மெட்ஃபார்மின் மாதிரி மாத்திரை எடுக்கறீங்கன்னா கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. குடிச்சுட்டு வண்டிய தொடவே தொடாதீங்க, ஏரிய ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு கூட. ஜனவரில ராத்திரி பனி இறங்கினா ரோட்டுல காட்டுமாடு நிக்கறது பக்கத்துல போற வரைக்கும் தெரியாது.


நொய்யல்காரன்:

ஊருக்கு வந்துட்டோமுங்க. நடந்தத சொல்லாம விட்டா சரியா இருக்காது.

பொங்கலுக்கு மூணு நாள் முன்னாடி கோயமுத்தூர் எலைட் கடைக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போனேன். கதவு வரைக்கும் வந்துட்டு முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு "நீங்க போய்ட்டு வாங்க"ன்னாங்க. உள்ள ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க நின்னு லேபிள் படிச்சுட்டு இருந்தாங்க, அதப் பாத்துட்டு அவங்களும் வந்துட்டாங்க. அப்புறம் அவங்களேதான் பாட்டில லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாத்து எடுத்தாங்க. குரோவர்ல சாவிக்னான் பிளாங்க் அன்னைக்கு இல்ல, சூலாதான் இருந்துச்சு, போன வருசத்து வெட்டு, திருகு மூடி. ரிசார்ட் மெனு விலைல பாதி கூட வரலைங்க. பில்லு பர்ஸ்லயே வச்சுக்கிட்டேன்.

முதல் நாள் ரெஸ்டாரண்ட்ல கிளாஸ் கேக்கறப்ப "என்னைக்கு தொறந்ததுப்பா"ன்னு கேட்டேன். அந்தத் தம்பி ஒரு நிமிசம் என்னையே பாத்துட்டு உள்ள போய்ட்டு வந்து "சார் அது வேண்டாம், பாதி பாட்டில் ஒண்ணு இருக்கு, அத எடுத்துக்கோங்க"ன்னான். சேனின் பிளாங்க்தான் இருந்துச்சு, லேசா இனிப்பு. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா இவங்க ஒரு வாய் குடிச்சுட்டு "இது வேற"ன்னு சொல்லிட்டாங்க.

மாட்டுப் பொங்கலன்னைக்கு பார் வாசல்ல போர்டு தொங்க விட்டிருந்தாங்க. அஞ்சாறு பேரு ரிசப்ஷன்ல நின்னு சத்தம் போட்டுட்டு இருந்தாங்க. நாங்க ரூமுக்குப் போய் டவல நனைச்சு சுத்தி பால்கனில வச்சோம். ஒரு மணி நேரம் கழிச்சு எடுக்கப் போனா டவல் விறைச்சுப் போய் பாட்டில்ல ஒட்டிக்கிட்டு இருக்குது, கைல பிடிக்க முடியல அவ்வளவு ஜில்லு. ரெண்டு பேரும் ஸ்வெட்டர், குல்லா எல்லாம் போட்டுக்கிட்டு கட்டில்ல கம்பளிய போத்திக்கிட்டு உக்காந்தோம். முதல்ல ஊத்தினப்ப வாசமே வரலைங்க, எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, தப்பா வாங்கிட்டமோன்னு. அவங்க ஒண்ணும் சொல்லாம கிளாஸ ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கிட்டாங்க. அஞ்சு நிமிசம் போயிருக்கும், என் மூக்குகிட்ட நீட்டி "இப்ப பாருங்க"ன்னாங்க. கொய்யாப்பழமேதானுங்க. மழை பேஞ்சு விட்ட அப்புறம் மரத்துல இருந்து அப்பத்தான் பறிச்ச மாதிரி. ரொம்பக் குளிர்ந்துட்டா வாசம் அடங்கிடும் போல, சர்வீஸ் ட்ரே தம்பி, அடுத்தவங்களுக்கு சொல்றப்ப அரை மணி நேரம்னே சொல்லுங்க.

ஆளுக்கு ரெண்டு கிளாஸ் குடிச்சோம், மிச்சம் ஒரு கிளாஸ் மறுநாள் சாயங்காலம் அவங்க மட்டும் குடிச்சாங்க. கல்யாணம் ஆன புதுசுல நாங்க இருந்த ஒத்த ரூம் வீட்டுப் பின்னாடி ஒரு கொய்யா மரம் இருந்துச்சு, அதப் பத்தித்தான் பேசிட்டே இருந்தாங்க. எனக்கு அந்த மரம் மறந்தே போயிருந்துச்சு.

திரும்பி வர்றப்ப பழனில சாமி பாத்துட்டு வந்தோம். கம்பத்துத் தம்பி, அந்த வழியா வராததால உங்க பக்கத்து திராட்சை வாங்க முடியல, ஆனா ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கம் சுத்தி வந்து பன்னீர் திராட்சை ரெண்டு கிலோ வாங்கினோம், எந்த ஊர்த் தோட்டம்னு கேட்டதுக்கு சின்னமனூர்னாங்க. காலி பாட்டில் ஸ்டிக்கரோட டிக்கில இருக்குது, அடுத்த வாரம் கோயமுத்தூர் போறப்ப குடுத்துடறேன்.